மே 31 சாயங்காலம், டெப்போ வாசல்

எங்க தெருவுல மாசக் கடைசி தேதிய காலண்டர்ல பாக்க வேண்டியதே இல்ல, சாயங்காலம் அஞ்சு அஞ்சரைக்கு மேல ஒரு ஆயிரம் வாலா வெடிச்சா அன்னிக்கு 30, இல்லன்னா 31. யாரோ ரிடையர் ஆயி வீட்டுக்கு வராங்க. ரோஜாப்பூ மாலை, புதுசா தெச்ச சஃபாரி, பின்னாடி பேண்டு செட்டு, கூட வேல பாத்தவங்க தோள்ல துண்டு போட்டுக்கினு ஒரு ஆட்டம், அப்புறம் மாடில ஷாமியானா போட்டு பிரியாணி. வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்ட பக்கம் வளந்தவங்களுக்கு இது காதுகுத்து மாதிரி ஒரு விசேஷம். ஏன்னா இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது ஐ.சி.எஃப், ஹார்பர், ரயில்வே, மாநகராட்சி, அதுவும் இல்லன்னா பஸ்.

அதுலயும் மே 31 வந்துச்சுன்னா தெருவே அல்லோலப்படும். ஒரே நாள்ல மூணு வீட்டுல ஷாமியானா. இது எப்படின்னு சின்ன வயசுல எனக்கு புரியவே இல்ல, எல்லாரும் மே மாசத்துலயா பொறந்திருப்பாங்க? அப்பாதான் ஒருநாள் சொன்னாரு. அந்தக் காலத்துல பொறந்த சர்டிஃபிகேட்டெல்லாம் ஏது, ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும்போது ஆயா கையப் புடிச்சுக் கூட்டினு போயி ஹெட்மாஸ்டர் முன்னாடி நிறுத்துவாங்க, வலது கையத் தலைக்கு மேல சுத்தி இடது காதத் தொட சொல்லுவாரு, தொட்டுட்டா அஞ்சு வயசு ஆயிடுச்சுன்னு கணக்கு, அன்னிலருந்து பின்னாடி எண்ணி மே மாசத்துல ஒரு தேதி போட்டுருவாரு. எங்கப்பா நெஜமா பொறந்தது ஐப்பசி மாசம், தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி. பேப்பர்ல 1962 மே. அந்த ஹெட்மாஸ்டர் பேனாவால போட்ட தேதி, அறுபது வருஷம் கழிச்சு ஒரு டெப்போவுல ஒரே நாள்ல அத்தன டிரைவர் சீட்ட காலி பண்ணப்போகுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்.

அப்பா பஸ் டிரைவர். எந்த டெப்போன்னு எழுதாதம்மான்னு சொல்லிட்டாரு, அதனால எழுதல. வடசென்னைலதான், அது போதும்.

நான் இத எழுதறதுக்கு காரணம் என் வேலைதான். ஓ.எம்.ஆர்ல ஒரு ஆபீஸ்ல மேன்பவர் பிளானிங் டீம்ல இருக்கேன், அதாவது அடுத்த வருஷம் எத்தன பேர் வேல விட்டுப் போவாங்க, எத்தன பேர் எடுக்கணும், எடுத்தவங்கள எப்பலருந்து வேலைக்கு விடலாம், இத எக்செல் ஷீட்ல ரொப்பிக்கினே இருக்கறது. பெரிய பேரு, உள்ள பாத்தா பாதி ஜோசியம். யாரு எப்ப பேப்பர் போடுவாங்கன்னு எவனுக்கும் தெரியாது, திங்கக்கிழம சிரிச்சு பேசினவன் செவ்வாக்கிழம ரிசைன் பண்ணுவான். ஒருநாள் ராத்திரி இந்த ஷீட்ட வச்சுக்கினு தலைய பிச்சிட்டு இருந்தேன், அப்பா பக்கத்துல வந்து பாத்துட்டு, இன்னாம்மா இது, எங்க டெப்போல ஒருத்தன் வேலைக்கு சேர்ற அன்னிக்கே அவன் என்னிக்கு வெளிய போவான்னு சர்வீஸ் புக்குல எழுதிருவாங்களே, உங்க ஆபீஸ்ல அந்த வழக்கம் இல்லியான்னு கேட்டாரு.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. என் வேலைல யாருக்குமே கிடைக்காத டேட்டா அது. முப்பது வருஷம் முன்னாடியே தேதியோட தெரியுது. அப்புறம் ஏன் பேப்பர்ல வருஷா வருஷம் 'டிரைவர் கண்டக்டர் பற்றாக்குறை'ன்னு நியூஸ் வருது? அன்னிலருந்து இது மண்டைல ஓடிக்கினே இருக்கு.

மொதல்ல ஒரு பஸ்ஸுக்கு எத்தன பேர் வேணும்னு கணக்கு போட்டோம், ஞாயித்துக்கிழம, பழைய காலண்டர் தாளோட பின்பக்கம். ஒரு பஸ், ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர், அவ்ளோதானேன்னுதான் பாதி பேரு நெனப்பாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்பா சிரிச்சாரு. 1961ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதுக்கு மேல சாதாரணமா வேல வாங்கக் கூடாது. பஸ்ஸு காலைல நாலரைக்கு டெப்போவ விட்டு வெளிய வந்தா ராத்திரி பத்து பதினொண்ணுக்குத்தான் உள்ள போகுது. அப்ப ரெண்டு ஷிஃப்ட். ரெண்டு டிரைவர், ரெண்டு கண்டக்டர். சரி, நாலு பேர் ஆச்சு.

ஆனா அந்த நாலு பேரும் 365 நாளும் வர மாட்டாங்க இல்லியா. வீக் ஆஃப் 52. பண்டிக லீவு, சி.எல், காய்ச்சல், ஊர்ல கோயில் திருவிழா, தங்கச்சி கல்யாணம், எல்லாம் சேத்து ஒரு 33 நாள்னு அப்பா போட்டாரு. மிச்சம் 280. அதாவது 365 நாளும் ஒரு சீட்டுல ஆள் இருக்கணும்னா 365-ஐ 280ஆல வகுக்கணும், ஒண்ணே கால் ஆளுக்குக் கொஞ்சம் மேல, 1.3. ரெண்டு ஷிஃப்ட்டுக்கு 2.6 டிரைவர், 2.6 கண்டக்டர். ஒரு பஸ்ஸுக்கு அஞ்சு பேரத் தாண்டிப் போச்சு. நூறு பஸ் ஓடுற டெப்போன்னா வண்டில ஏறுறவங்க மட்டுமே 520 பேர், இதுல மெக்கானிக் இல்ல, டைம் கீப்பர் இல்ல, கேஷ் கட்டற இடத்துல உக்கார்றவங்க இல்ல, வண்டி கழுவுறவங்க இல்ல.

அந்த 1.3ல இருக்கற 0.3தான் டெப்போ பாஷைல 'ரிசர்வ்'. தனக்குன்னு வண்டி கிடையாது, ரூட்டு கிடையாது, காலைல வந்து உக்காரணும், எவன் வரலையோ அவன் வண்டிய எடுக்கணும். செலவக் கொறைக்கணும்னு யாராச்சும் மேல உக்காந்து யோசிச்சா மொதல்ல கண்ணுல படறது இந்த ரிசர்வ்தான், சும்மா பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சுக்கினு கீறாங்களேன்னு. அத வெட்டுனா மொத மாசம் ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது மாசம் ஓ.டி ஏறும். அப்புறம் டபுள் டூட்டி. அதுக்கப்புறம் டபுள் டூட்டி பாத்தவன் ரெண்டு நாள் லீவு போடுவான், அவன் வண்டிக்கு ஆளில்ல, வண்டி ஷெட்டுலயே நிக்கும். ஸ்டாப்புல முக்கா மணி நேரமா நிக்கற நம்ம என்ன சொல்லுவோம், 'பஸ்ஸே இல்லப்பா'ன்னு சொல்லுவோம். பஸ்ஸு இருக்கும். உள்ள உக்காந்து ஓட்ட ஆள் இருக்காது. இந்த வித்தியாசம் ஸ்டாப்புல நிக்கறவங்களுக்கு தெரியவே தெரியாது. நான் இருபது வருஷம் 29சி-க்காக நின்னவ, எனக்கே அப்பா சொல்லித்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், லைட் டூட்டி. முப்பது வருஷம் கிளட்ச்சு மிதிச்ச காலு, இஞ்சின் சூட்டுல உக்காந்த இடுப்பு, ஒருநாள் டாக்டர் இனிமே ஸ்டீரிங் புடிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துருவாரு. கண்ணுன்னாலும் அப்படித்தான். வேல பாக்கும்போது உடம்புல குறை வந்துச்சுன்னு ஒருத்தர வெளிய அனுப்பக் கூடாதுன்னு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016ல வந்தது, அதோட 20ஆவது பிரிவு சொல்லுது, வேற வேல குடுக்கணும், சம்பளத்தக் கொறைக்கக் கூடாது. நியாயமான சட்டம், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா ரிஜிஸ்தர்ல அவரு டிரைவராத்தான் இருப்பாரு, எண்ணும்போது டிரைவர்னு எண்ணிருவாங்க, அவரு கேட்டுல உக்காந்து வண்டி நம்பர் எழுதிக்கினு இருப்பாரு. நூறு டிரைவர்னு பேப்பர்ல இருந்தா சீட்டுல எத்தன பேர் உக்கார முடியும்னு தனியா ஒரு கட்டம் போட்டு எண்ணணும். என் ஆபீஸ்ல இத 'ஹெட்கவுண்ட்' வேற 'கெப்பாசிட்டி' வேறன்னு ரெண்டு நாள் டிரெய்னிங் வச்சு சொல்லித் தந்தாங்க, அப்பா டீ ஆறுறதுக்குள்ள சொல்லிட்டாரு.

இப்ப மே 31க்கு வரேன். ஒருத்தன் 30 வயசுல சேந்து 60ல போறான்னு வச்சுக்குங்க, 600 பேர் இருக்கற எடத்துல வருஷத்துக்கு 20 பேர் போவாங்க, 20 பேர எடுத்தா போதும், யாருக்கும் எதுவும் தெரியாது, சத்தமில்லாம நடக்கும். ஆனா நம்ம ஊர்ல ஆள் எடுக்கறது அப்படியா நடக்குது? ஒரு வருஷம் மொத்தமா 200 பேர், அப்புறம் ஆறேழு வருஷம் ஒருத்தரும் இல்ல, மறுபடி ஒரு பெரிய கூட்டம். கூட்டமா உள்ள வந்தவங்க கூட்டமாத்தான் வெளிய போவாங்க. அப்பா செட்டுல சேந்தவங்கல்லாம் ஏறக்குறைய ஒரே வயசு, ஒண்ணாத்தான் கல்யாணம் பண்ணாங்க, ஒண்ணாத்தான் புள்ள பெத்தாங்க, எங்க தெருவுல என் வயசுப் பசங்க மட்டும் அத்தன பேர் இருந்ததுக்கு இதான் காரணமோன்னு எனக்கு ஒரு டவுட்டு உண்டு.

அதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. அப்பா 58ல ரிடையர் ஆக வேண்டியது, 2020 மே 31. லாக்டவுன்ல விழா வைக்க முடியாதுன்னாலும் சஃபாரி துணி அதுக்கு முன்னாடியே எடுத்து வச்சாச்சு. மே 7ஆம் தேதி ஆர்டர் வந்துச்சு, ரிடையர்மென்ட் வயசு 59, அரசு ஊழியர், ஆசிரியர், பொதுத்துறை எல்லாருக்கும். அம்மா துணிய பீரோல வச்சுப் பூட்டிட்டாங்க. அடுத்த வருஷம் பிப்ரவரில மறுபடி ஆர்டர், 60. துணி இன்னும் ஒரு வருஷம் பீரோலயே கெடந்துச்சு, 2022 மேலதான் தெச்சாரு, அதுக்குள்ள தொப்ப வந்து துணி பத்தலன்னு டெய்லர் ஒரே பொலம்பல்.

வீட்டுல எல்லாரும் ரெண்டு வருஷ சம்பளம் கூட வருதுன்னு சந்தோஷப்பட்டோம், பொய் சொல்லக் கூடாது. ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. ஏறக்குறைய ரெண்டு வருஷம் வயசு முடிஞ்சு யாருமே வெளிய போகல. ஏரில மதகு மூடின மாதிரி. மூடின மதகு தண்ணிய இல்லாம ஆக்கிடாது, பின்னாடி சேத்துத்தான் வைக்கும். அந்த ரெண்டு வருஷம் யாரோ தட்டுல வச்சு குடுத்த டைம், அதுக்குள்ள ஆள் எடுத்து, பழைய டிரைவர் கூட ஒக்கார வச்சு ரூட்டு பழக்கி ரெடி பண்ணிருக்கலாம். மதகத் தொறந்ததும் ஒண்ணாக் கெளம்புனாங்க. ரிடையர்மென்ட் வயச ஏத்தறது ஆள் பற்றாக்குறைக்கு மருந்துன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அது கடன் வாங்கறது மாதிரிதான்.

சரி, புது ஆள் எடுக்கலாம்னா ஒரு டிரைவர் உருவாக எவ்ளோ நாளாகும்? பஸ்ஸு டெண்டர் போட்டா ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல வந்துரும். டிரைவர் வர மாட்டாரு. மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயசுல கார் லைசென்ஸ் எடுக்கலாம், அத வச்சுக்கினு ஒரு வருஷமாவது ஆகணும், 20 வயசுக்கு முன்னாடி லாரி பஸ் தொடக் கூடாது. அப்புறம் ஹெவி லைசென்ஸ், அப்புறம் பயணிங்கள ஏத்தி ஓட்டறதுக்கு பேட்ஜ். போக்குவரத்துக் கழகங்கள் 2025 மார்ச்சுல ஆள் எடுக்க நோட்டிஃபிகேஷன் விட்டாங்களே, தமிழ்நாடு முழுக்க 3,274 பேர், அதுல எம்.டி.சி-ன்னு சொல்ற சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு 364, அதுல கேட்டது என்ன? பத்தாவது பாஸ், 24 வயசு முடிஞ்சிருக்கணும், 18 மாசம் வண்டி ஓட்டின அனுபவம், ஹெவி லைசென்ஸோட கண்டக்டர் லைசென்ஸும் வேணும், ஏன்னா அந்த வேலைக்குப் பேரே டிரைவர் கம் கண்டக்டர்.

18ல ஆரம்பிச்ச பையன் 24ல உள்ள வரான்னா நடுவுல அந்த ஆறு வருஷம் அவன் எங்க இருப்பான்? வடசென்னைல இருந்தா இதுக்கு பதில் வெளில எட்டிப் பாத்தாலே தெரியும். ஹார்பர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல, மணலி ரோட்டுல வரிசையா நிக்குதே கன்டெய்னர் டிரைலர், அதுல இருப்பான். சென்னை துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதுக்கு மேல காட்டுப்பள்ளி, மூணு துறைமுகத்துக்கும் ஹெவி லைசென்ஸ் வேணும், எம்.டி.சி-க்கும் அதே ஹெவி லைசென்ஸ்தான் வேணும். ஒரே கெணறு, நாலு பக்கமும் வாளி.

என் சித்தி பையன் கதை இதுக்கு சரியா இருக்கும். காசிமேடு. டிரைவிங் ஸ்கூல்ல பணம் கட்டி ஹெவி சேந்தான், அந்த ஸ்கூல் பேரு வேணாம், ஒரு லாரில அஞ்சு பசங்கள ஏத்திக்கினு போயி ஆளுக்கு பத்து நிமிஷம் ஸ்டீரிங் குடுத்து எறக்கி விட்டுருவாங்களாம். லைசென்ஸ் கைக்கு வந்துச்சு, வண்டி கைக்கு வரல. நெஜமா ஓட்டக் கத்துக்கினது ஒரு டிரைலர்ல கிளீனரா போயி, ராத்திரி ஒரு மணிக்கு கன்டெய்னர் யார்டு வாசல் வரிசைல வண்டிய பத்தடி பத்தடியா நகத்தி. மூணு வருஷத்துல அவ்ளோ பெரிய வண்டிய ரிவர்ஸ்ல கண்ண மூடிக்கினு விடறான். அந்த 2025 நோட்டிஃபிகேஷன் வந்தப்போ அப்பாதான் அவனப் புடிச்சு உக்கார வச்சு அப்ளிகேஷன் தொறந்தாரு. கண்டக்டர் லைசென்ஸ் இருக்கான்னு ஒரு கட்டம். 'பெரிப்பா, நான் எதுக்கு டிக்கெட் கிழிக்கணும், வண்டிதான ஓட்டப்போறேன்'னு கேக்கறான். ஏப்ரல் 21 கடைசி தேதி. அதுக்குள்ள எடுக்க முடியல, போச்சு.

கேக்கறதுக்கு அவன் மேல தப்பு மாதிரி இருக்கும், தப்புதான். ஆனா அவன மாதிரி எத்தன பேர் ராயபுரத்துலயும் திருவொற்றியூர்லயும் இருப்பாங்க, ஆறு மாசம் முன்னாடி ஒரு நோட்டீஸ் ஒட்டி, தம்பிங்களா இந்த மாதிரி இந்த மாதிரி லைசென்ஸ் எடுத்து வைங்க, அடுத்த வருஷம் இத்தன எடம் காலியாகப் போகுதுன்னு சொல்லிருந்தா? காலியாகப் போற தேதிதான் சர்வீஸ் புக்குல இருக்கே. கும்மிடிப்பூண்டில அரசோட சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தற ஹெவி டிரைவிங் ஸ்கூலே இருக்கு, இங்கருந்து எலக்ட்ரிக் டிரெயின் ஏறுனா போயிரலாம், எங்க தெருப் பசங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. ஸ்கூல் இருக்கு, வேல இருக்கு, பையனும் இருக்கான், மூணையும் ஒருத்தருக்கொருத்தர் அறிமுகப்படுத்தி வைக்க ஆளில்ல. பிளானிங்னு நான் நெனக்கறது இந்த அறிமுகத்ததான், எக்செல் அப்புறம்.

இன்னொண்ணும் இருக்கு, பையன் ஏன் வரணும்? அப்பா காலத்துல பஸ் வேலைன்னா பொண்ணு குடுக்கறவங்க அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க, பென்ஷன் இருக்கே. 2003 ஏப்ரல் 1க்கு அப்புறம் சேந்தவங்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் கிடையாது. 2018 ஜனவரில பொங்கலுக்கு முன்னாடி ஒரு வாரம் பஸ் ஓடாம ஸ்டிரைக் நடந்துச்சே, சம்பளம், ரிடையர் ஆனவங்க பாக்கி, பென்ஷன்னு அதத்தான் பேசினாங்க, 2024 ஜனவரிலயும் அதே பேச்சுதான். டிரைலர்ல காசு உடனே கைல வருது, உடம்பு போகும்னு தெரியும், இருபத்திரெண்டு வயசுல உடம்பப் பத்தி யாரு யோசிக்கறா. ஆள் எடுக்கற பிளான்ல பென்ஷன் வராதுன்னு நெனச்சா அது பிளானே இல்ல.

சென்னை டெப்போல வேல பாக்கறவங்கள்ல நெறைய பேர் வெளியூரு, விழுப்புரம், மதுர, அங்கல்லாம் குடும்பம், இங்க டெப்போ ரெஸ்ட் ரூம்ல படுக்கை. பொங்கல் தீபாவளின்னா அவங்களும் ஊருக்குப் போகத்தானே ஆசப்படுவாங்க, அன்னிக்குத்தான் பஸ்ஸுக்கும் கூட்டம். மழை பெஞ்சா கணேசபுரம் சப்வேல எந்த அளவு தண்ணிக்கு வண்டி எறக்கலாம், எப்ப சுத்திக்கினு போகணும், பௌர்ணமி அன்னிக்கு வடிவுடையம்மன் கோயில் பக்கம் எந்தத் திருப்பத்துல ஹாரன் அடிக்கணும், இதெல்லாம் ஊர்க்கார டிரைவருக்கு ரத்தத்துல இருக்கும், வெளியூர்க்காரருக்கு ஆறு மாசமாவது பழைய ஆள் பக்கத்துல ஒக்காந்து பாக்கணும். பழைய ஆள் மே 31 அன்னிக்குப் போயிட்டாரு, புது ஆள் அடுத்த வருஷம் வராருன்னா இது எங்க நடக்கும்?

இப்ப எலக்ட்ரிக் பஸ். 2025 ஜூன் 30 அன்னிக்கு வியாசர்பாடி டெப்போலதான் மொத 120 எலக்ட்ரிக் பஸ்ஸ முதலமைச்சர் கொடியசைச்சு அனுப்புனாரு. எங்க ஏரியாவுக்கு புதுசா எதாவது மொதல்ல வந்துச்சுன்னா எங்களுக்கே நம்பிக்க வராது, நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு, அம்மா சும்மாவே ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாங்க. சத்தமில்ல, படி கீழயே இருக்கு, முட்டி வலிக்காரங்களுக்கு சாமி மாதிரி. ஆனா அதுல ஆள் கணக்கே வேற. வண்டி கம்பெனிக்காரங்களோடது, டிரைவரும் அவங்க ஆளு, பராமரிப்பும் அவங்களே, கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு கழகம் காசு குடுக்கும், கண்டக்டர் மட்டும் எம்.டி.சி. நம்ம காலண்டர் கணக்குப்படி 120 வண்டிக்கு 312 கண்டக்டர், ஒரு டிரைவர் கூட கழகத்துக்கு வேணாம். டிரைவர் பற்றாக்குறை ஒரே நாள்ல தீந்த மாதிரி தெரியும். அந்த கம்பெனியும் டிரைவர எங்கருந்து எடுக்கும்? அதே கெணத்துலருந்துதான். 2023 மே மாசம் ஒப்பந்த டிரைவர் வேணாம்னு ஊழியருங்க சாயங்கால நேரத்துல திடீர்னு வண்டிய நிறுத்துனாங்க, ஞாபகம் இருக்கா, அன்னிக்கு நான் பாரிஸ் கார்னர்லருந்து நடந்தே வந்தேன், திட்டிக்கினே நடந்தேன், வீட்டுக்கு வந்து அப்பா கிட்ட வாங்கியும் கட்டிக்கினேன்.

என் கவல டிரைவர விட மெக்கானிக் பத்தி. அப்பா ஃபிரெண்டு ஒருத்தர், நாங்க மெக்கானிக் மாமான்னு கூப்பிடுவோம், ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர இஞ்சின் மேல வச்சு கைப்பிடிய காதுல ஒட்டிக்கேட்டு எந்த எடத்துல கோளாறுன்னு சொல்லிருவாரு, டாக்டர் ஸ்டெதஸ்கோப்பு மாதிரி. எலக்ட்ரிக் பஸ்ஸ பாத்துட்டு வந்து சொன்னாரு, 'கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா அதுல'. அவரு வருத்தப்பட்டாரா சிரிச்சாரான்னு எனக்கு இன்னும் தெரியல. டீசல் வண்டில இன்ஜெக்டர், கிளட்ச் பிளேட்டு, கியர் பாக்ஸ், இதுல பேட்டரி, மோட்டார், சாஃப்ட்வேர், கைய வச்சா தூக்கி அடிக்கற வோல்ட்டேஜ். பராமரிப்பு கம்பெனி கைல இருக்கற வரைக்கும் கழகத்து மெக்கானிக் யாரும் அந்த மூடியத் தொறக்கப் போறதில்ல. ஒப்பந்தம்னா ஒருநாள் முடியும். அன்னிக்கு வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஆளு டெப்போல ஒருத்தராவது இருக்கணுமா வேணாமா? ஐ.டி.ஐ-ல எலக்ட்ரிக் வண்டிக்குன்னே டிரேடு வந்துருச்சு, தமிழ்நாட்டுல 71 அரசு ஐ.டி.ஐ-ங்கள புது மெஷின் போட்டு மாத்திருக்காங்க. அங்கருந்து வர பையன கம்பெனி எடுக்கட்டும், வேணாம்னு சொல்லல, வருஷத்துக்கு பத்து பேரயாவது கழகமும் எடுத்து கம்பெனி ஆளுங்களோட அந்த ஷெட்டுலயே விடணும்னு தோணுது. மாமா மாதிரி ஐம்பதத் தாண்டினவங்களுக்கும் ஒரு கோர்ஸ் குடுங்க, கத்துக்க மாட்டாங்கன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, வாட்ஸப்பு வந்தப்பவும் அப்படித்தான் சொன்னீங்க.

இந்த பயம் எங்க பக்கத்துக்குப் புதுசு இல்ல. மெட்ராஸ்ல டிராம் 1895லருந்து ஓடுச்சு, 1953ல ஒருநாளோட நின்னுச்சு, அதுல வேல பாத்தவங்க தெருவுக்கு வந்தாங்க. பின்னி மில்லுன்னு நாங்க சொல்ற பி அண்ட் சி மில்லு, 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் பொறந்ததே அந்த மில் தொழிலாளிங்களாலதான், அது 1996ல மூடினப்போ எங்க தாத்தா செட்டுல இருந்த பல பேர் வேற எந்த வேலையும் தெரியாம வாட்ச்மேனா போனாங்க. தாத்தா நெசவுல புலி, மில்லு போனதுக்கப்புறம் அந்தக் கைய வச்சுக்கினு என்ன பண்றதுன்னு தெரியாம சும்மாவே துண்ட மடிச்சு மடிச்சு பிரிப்பாரு. அத பாத்து வளந்ததாலயோ என்னவோ, புது வண்டி வருதுன்னா கூடவே பழைய கைங்க எங்க போகும்னு ஒரு கேள்வி எனக்குத் தானா வந்துருது.

ரயில்வேலயும் இதே கததான், அசிஸ்டென்ட் லோகோ பைலட், அதாவது ரயில் எஞ்சின் துணை டிரைவர் வேலைக்கு 2024 ஆரம்பத்துல 5,696 எடம்னு அறிவிச்சாங்க, அதே வருஷம் ஜூன்ல அத 18,799-னு மாத்துனாங்க. அஞ்சு மாசத்துல பதிமூணாயிரம் டிரைவர் தேவை திடீர்னு எப்படி மொளைக்கும், ஏற்கனவே இருந்த தேவைதான், எண்ணின வெரல்தான் மாறுச்சு. மெட்ரோ ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், ரெண்டு லைன் மாதவரத்துலருந்து கெளம்பப் போகுது, ரயிலுக்கு டிரைவரே வேணாமாம். டிரைவர் வேணாம்னா ஆளே வேணாம்னு இல்ல, கண்ட்ரோல் ரூம், ஸ்டேஷன், டிராக்கு, சிக்னல், எல்லாத்துக்கும் ஆள் வேணும், அந்த ஆளு மாதவரத்துக்காரனா இருப்பானாங்கறது இப்ப எங்க ஐ.டி.ஐ-ல என்ன சொல்லித்தராங்கங்கறதப் பொறுத்தது.

பொம்பளைங்களப் பத்தி சொல்லாம விட்டா அம்மா கேப்பாங்க. 2021 மேலருந்து சாதா கட்டண பஸ்ல எங்களுக்கு டிக்கெட் இல்ல, காசிமேட்டு மீன்கார அக்காங்கலருந்து பூக்கடைக்குப் போற அத்தைங்க வரைக்கும் பஸ்ஸு நெறைய நாங்கதான். முன்னாடி டிரைவர் சீட்டுல மட்டும் நாங்க இல்ல. 1993லயே வசந்தகுமாரின்னு ஒரு அம்மா கன்னியாகுமரி மாவட்டத்துல அரசு பஸ் டிரைவரா சேந்துட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அடுத்து யாருன்னு கேட்டா யோசிச்சுத்தான் சொல்ல வேண்டியிருக்கு. ஆள் பத்தல பத்தலன்னு சொல்றப்போ ஊர்ல பாதி பேர எண்ணாம விட்டுட்டு பத்தலன்னா எப்படி? எனக்கே பத்தொம்பது வயசுல ஆச இருந்துச்சு. அப்பா வேணாம்னு சொல்லல, சுவத்துல நிக்க வச்சு ஸ்கேல் வச்சு அளந்தாரு. 157. கேக்கறது 160. 'மூணு சென்டிமீட்டர் வளந்துட்டு வா'ன்னாரு, நான் அதுக்கப்புறம் வளரல, ஓ.எம்.ஆர் போயிட்டேன். உயரத்த விடுங்க, நாலு சிங்கிள், அதாவது ஒரு பக்க டிரிப்பு, அடிச்சுட்டு மின்ட் பஸ் ஸ்டாண்டுல எறங்கற ஒரு பொம்பள டிரைவர் எங்க போயி மொகம் கழுவுவாங்க, எங்க ஒரு நாப்கின் மாத்துவாங்கன்னு யோசிச்சீங்கன்னா புரியும், ஆள் பிளானிங்ல கக்கூஸும் ஒரு ஐட்டம்.

அப்பா ரிடையர் ஆன அன்னிக்கு வாசல்ல ஆயிரம் வாலா வெடிச்சது எங்க வீட்டுக்குத்தான். மூணு மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், பிரியாணி நூத்தி இருபது பேருக்கு. ராத்திரி எல்லாரும் போனதும் கழட்டின மாலைய அம்மா எடுத்து அப்பா படத்து ஆணில மாட்டினாங்க, அப்பா படத்துல மாலையான்னு தம்பி கத்தி ஒரே சிரிப்பு, அப்புறம் அத எடுத்து வண்டி ஹேண்டில்ல மாட்டினாங்க.

மறுநாள் ஜூன் 1. விடியகால மூணே முக்காலுக்கு அப்பா வழக்கம்போல எழுந்து உக்காந்துட்டாரு. எங்க போகணும்னு தெரியாம ஹால்ல ஃபேன் போட்டுக்கினு உக்காந்திருந்தாரு. நாலேகாலுக்கு ஃபோன் அடிக்குது. டூட்டி போடற பையன், புதுசா அந்த சீட்டுக்கு வந்தவனாம். நான் பாய்ல படுத்துக்கினே கேட்டேன்.

'அண்ணே, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு ரெண்டு வண்டி நிக்குதுண்ணே, ஆளில்ல, நீங்க வந்து ஒரு நாலு சிங்கிள் மட்டும் பாத்துக் குடுத்துட்டுப் போயிருங்கண்ணே.'

'இன்னாப்பா நீ, நேத்துதானப்பா மாலை போட்டு அனுப்புனீங்க.'

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

'ஐயோ ஆமாண்ணே, பழைய லிஸ்ட்ட பாத்து அடிச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க.' அப்புறம் வைக்கறதுக்கு முன்னாடி, 'அண்ணே, வேற யாருனா ஃப்ரீயா கீறாங்களாண்ணே உங்க செட்டுல?'

'எங்க செட்டு மொத்தமும் நேத்து உன் டெப்போ வாசல்ல நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிச்சுப்பா'ன்னு சொல்லிட்டு அப்பா ஃபோன வச்சாரு. வச்சுட்டு, பேண்ட் போட்டுக்கினு, சட்ட மாட்டிக்கினு, டீ குடிக்கப் போறேன்னு டெப்போ பக்கம் நடந்து போயிட்டாரு.